மாரிகாலத்து விளக்கு

மாரிகாலம் என்னுஞ் சொல் நம் நாட்டுத் தமிழர் யாவர் வாயிலும் வழங்குவதொன்று. ஆயினும் அஃது எல்லோர்க்கும் ஒரே பொருளைத் தருவதன்று. யாழ்ப்பாணத்தார்க்கு அது கிணறு ஊறுங் காலம். மட்டக்களப்பார்க்கு வயல் பச்சை பிடிக்குங் காலம். மாத்தளை மாவட்டத்தின் கீழ்த்திசை மலைகளிற் குடியிருப்போர்க்கோ, இரவில் ஒரு செவியைத் திறந்துவைத்துக்கொண்டு உறங்கவேண்டிய காலம். கூரைத் தகரத்தின்மேல் மழை விழும் ஓசைக்கு அவர்கள் பழகியவர்கள். அவ்வோசை அவர்களைத் தாலாட்டவுஞ் செய்யும். வீட்டின் பின்புறத்து மேட்டிலிருந்து கல்லொன்று உருளும் ஓசை கேட்கின்றதா என்பதற்காகவே அச்செவி விழித்திருக்கின்றது.

வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து சுமந்துவரும் ஈரம், தீவின் கீழ்ச் சமவெளியைக் கடந்து வந்து மோதும் உயர்ந்த மதில்களுள் ஒன்று நக்கிள்ஸ் மலைத்தொடர். சிங்கள மக்கள் இதனைத் தும்பறை மலை என்பர். றத்தோட்டையிலிருந்து மலையேறி றிவர்ஸ்டன் கணவாயை அடைந்தோர் அக்காற்றின் வலிமையை அறிவர்; நல்ல நாளிலேயே அங்கு குடை விரிப்பது வீண்முயற்சி. மாத்தளை நகரின் ஊடாக ஓடும் சுது கங்கையின் பெயருக்கு வெள்ளாறு என்பது பொருள். கார்த்திகையில் அதனைக் காண்போர், பெயரிட்டவர் எம்மாதத்தில் வந்து பார்த்தாரோ என்று வியப்பர். மலைத்தோட்டங்களின் மண்ணெல்லாங் கரைந்து செங்குழம்பாய் ஓடும் ஆறு அது.

இந்நாட்களில் பகலும் அரையிருட்டே. தோட்டத்து லயங்களில் ஒரு காம்பராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய கணக்கு. அதற்குள்ளேயே அடுப்பும், படுக்கையும், பிள்ளைகளின் பாடப்புத்தகமும், ஈரமாறாக் கம்பளியும் இடம் பிடித்துக்கொள்ளும். மழையென்று கொழுந்து வளராமல் நிற்பதில்லை. ஆகையால் இடுப்பிற் படங்கு கட்டிய பெண்கள் விடியற்காலையிலேயே பிரட்டுக்களத்திற்குச் சென்றுவிடுவர். மாலையில் திரும்பி வருவோர்க்கு முதலில் வேண்டுவது நெருப்பு. தீக்குச்சி நமுத்துப்போகும் காலமாதலின், முன்னிரவில் அடுப்பை அணைத்துவிடாது தணலைச் சாம்பலால் மூடிவைப்பது அங்கே வழக்கம். விடிந்ததும் சாம்பலை விலக்கி ஊதினால் நெருப்புக் கண் விழிக்கும். மல்லியும் வேர்க்கொம்பும் இட்டுக் காய்ச்சிய நீர் அந்நெருப்பில்தான் கொதிக்கின்றது.

“மழை எப்போது விடும்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். “விளக்கை வை, விடும்” என்பார் அம்மாயி. இது அறிவுக்குப் பொருந்துமா என்று கேட்பவர் கேட்கட்டும். ஒன்றுஞ் செய்ய இயலாத பொழுதில் குழந்தையின் கைக்கு ஒரு வேலை கொடுக்கும் விடை அது. அதைக்காட்டிலும் நல்ல விடை நமக்குத் தெரியவில்லை.

நிற்க. மாத்தளைத் தமிழ் மக்கள் போற்றும் தெய்வத்தை எண்ணிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். அவர்தம் முன்னோர் காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று அவர்கள் விட்டுவந்த சீமைகளெல்லாம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழையில்லாமையே அவர்களுட் பலரை ஊரைவிட்டு எழுப்பியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்திலே கடல் கடந்தோர் எண்ணற்றோர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் அநுராதபுரத்தையும் தம்புள்ளையையும் கால்நடையாகக் கடந்து வந்தவர்களுட் பலர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பாதையோரத்திலேயே மாண்டனர். பிழைத்து வந்தவர்கள் கண்ட முதல் மலைநாட்டுப் பட்டினம் மாத்தளை. அவர்கள் தங்களோடு கொண்டுவந்த தாய் மாரி.

மாரி என்றால் மழை. வறண்ட ஊரிலே அவளை நோக்கிக் கைகூப்பியவர்கள், வரவேண்டுமென்று வேண்டியவர்கள். இங்கு வந்து சேர்ந்ததோ மழை மிகுந்து மலை கரையும் நாட்டில். இங்கே அதே தாயைப் பார்த்து, போதும், அளவோடு பெய் என்று வேண்டலாயினர். கேட்கும் வரம் தலைகீழாயிற்று; கேட்கப்படுந் தெய்வம் மாறவில்லை. வரங் கேட்டு, அது கிடைக்காவிடில் தெய்வத்தை மாற்றிக்கொள்ளும் பக்தியை நாம் எங்கும் காண்கின்றோம். இவர்களுடையது அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. கொடுப்பவளும் கெடுப்பவளும் ஒருத்தியே என்பதை நேருக்கு நேர் அறிந்துகொண்டு, அவளோடு குடித்தனம் நடத்தும் பக்தி அது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மரத்தடி வழிபாடாகத் தொடங்கி, 1874 ஆம் ஆண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பொருளுதவியோடு கோயிலாக எழுந்தது. இன்று 108 அடி உயர இராசகோபுரம் நகருக்குள் நுழைவோரை எதிர்கொள்கின்றது. 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திலே இக்கோயிலும் சேதமுற்றது, பின்னர் திருத்தியெடுக்கப்பட்டது. மனிதர் எழுப்பும் புயலுக்குப் பருவமில்லை.

நகருக்கு வடக்கே இரண்டு மைல் சென்றால் அலுவிகாரை. கி. மு. முதலாம் நூற்றாண்டிலே வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை வருத்தியமையால், அதுகாறும் வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகத்தைத் துறவியர் ஏட்டில் எழுதிவைத்த இடம் இது. படையெடுத்தோர் தென்னாட்டுத் தமிழர் என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. மனப்பாடஞ் செய்தவர்கள் மாண்டுபோனால் மறையும் மாண்டுபோகும் என்று அஞ்சிய அத்துறவியர், நல்ல காலம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இருந்த காலத்திலேயே ஓலையை எடுத்து எழுதத் தொடங்கினர். 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இவ்விகாரையின் நூல்நிலையமும் அழிவுற்றது. கோயிலும் விகாரையும் இவ்வகையில் ஒரே ஊர்ப் பிள்ளைகள்.

அண்மைக் காலத்து மழைக்கு வருவோம். 2025 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆந் திகதி “டித்வா” என்னும் புயல் இலங்கையின் கீழ்க்கரையில் ஏறியது. யெமன் நாட்டார் கொடுத்த பெயர் அது. சொக்கோத்திராத் தீவிலுள்ள அழகிய கடனீரேரி ஒன்றின் பெயர். காற்றினால் விளைந்த கேடு குறைவு. மழையினால் விளைந்ததே பெரிது. மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. சமதரையில் வழிந்தோடாது நின்றிருக்குமாயின் ஒரு முழத்திற்கும் மேலான ஆழம் அது. சரிவிலே பெய்தால் என்னாகும்? கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலை மாவட்டங்களில் மலைகள் பிளந்து இறங்கின. நாடு முழுவதிலும் 600 பேருக்கு மேல் மாண்டனர். பாதை அறுந்தது, மின்சாரம் நின்றது, தொலைபேசி ஊமையாயிற்று. அடுத்த மலையிலிருக்கும் உடன்பிறந்தாள் உயிரோடிருக்கின்றாளா என்பதை அறிய நாட்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பல.

புயல் கடந்து ஒரு வாரம் நிறையவில்லை, கார்த்திகைப் பூரணை வந்துவிட்டது. டிசெம்பர் 4 ஆந் திகதி முழுநிலா. பஞ்சாங்கம் யாருடைய துயரத்திற்காகவும் ஒரு நாள் பொறுப்பதில்லை. தமிழர்க்கு விளக்கீட்டுக் காலம். சிங்கள மக்களுக்கு உந்துவப் பூரணை, சங்கமித்தை வெள்ளரசுக் கன்றோடு இலங்கைக் கரையில் இறங்கியதாகப் போற்றப்படும் நாள். கடல் கொந்தளிக்கும் இம்மாதத்திலே ஒரு பெண் பசுங்கன்றொன்றைக் கப்பலிற் காத்துக்கொண்டு வந்தாள் என்பதை நாம் இதற்கு முன் இவ்வாறு எண்ணிப் பார்த்ததில்லை. விளக்கீடும் அவ்வாறே. காற்றில்லாத மாதங்கள் ஆண்டில் எத்தனையோ இருக்க, காற்றும் மழையும் மிகுந்த மாதத்தைத் தேர்ந்து, வாசலிலே வாழைக்குற்றி நட்டு, அதன் தலையிற் சிட்டி விளக்கேற்றும்படி நம் முன்னோர் ஏன் விதித்தனர்? காரணங் கூறும் புராணங்கள் உண்டு. மாத்தளை மலையில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குப் புராணம் வேண்டியதில்லை. ஏற்றுவர், காற்று அணைக்கும், கையாற் பொத்திக்கொண்டு மீண்டும் ஏற்றுவர். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ சுடர் நிற்கும். வீட்டிலே இளைய பிள்ளைக்கு இந்த வேலையில் இருக்கும் ஊக்கம் வேறெதிலும் இராது.

கார்த்திகை போய் மார்கழி வந்தால் பஜனை. விடியுமுன் அரிக்கன் லாம்போடும் தாளத்தோடும் ஒரு லயத்திலிருந்து மறு லயத்திற்குப் பாடிக்கொண்டு செல்லும் வழக்கம் மலையகத்துத் தோட்டங்களிலே நெடுங்காலமாக இருந்துவருவது. மணிவாசகரின் திருவெம்பாவையிலே மேகத்தை நோக்கிப் பாடும் பாட்டொன்றுண்டு. முகிலின் கருமையிலே அம்மையின் மேனியையும், மின்னலிலே அவள் இடையையும், இடியிலே அவள் சிலம்பொலியையும், பொழியும் மழையிலே அவள் அருளையும் காணும் பாட்டு அது. மதுரைப் பக்கத்துக் கவிஞர் மழைக்கு ஏங்கிப் பாடியதை, மழையில் நனைந்துகொண்டே பாடுகின்றார்கள் மாத்தளையில். பொருள் மாறிவிடுகின்றதா என்று கேட்டால், மாறுகின்றது என்றே சொல்வோம். அச்சந் தரும் இடியோசையைச் சிலம்பொலி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் தாய்க்கு அப்பாட்டு வேறு வகையில் உதவுகின்றது.

இவ்வளவு கூறியபின் ஒன்றை அழுத்திக் கூறாவிடில் நாம் கடமை தவறியவராவோம். இறைவன் சித்தம் என்று சொல்லிக்கொண்டு சரிவின் கீழ் உறங்குவதை நாம் நம்பிக்கை என்று ஒப்புவதற்கில்லை. மலை தான் இறங்குமுன் பேசும். அப்பேச்சைக் கேட்பவர்க்கு விளக்கேற்ற மறு கார்த்திகையும் உண்டு. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், நேராய் நின்ற மரமும் கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், தெளிந்திருந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுவிடுதல் ஆகிய இவையெல்லாம் மலையின் மொழி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் மழையின் அளவைக் கொண்டும் எச்சரிக்கை வகுத்துள்ளனர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவேண்டும். 100 ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாகவேண்டும். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, ஒன்றையும் எண்ணாது வெளியேறவேண்டும். கம்மடுவைப் பக்கத்தில் அன்று பெய்த மழை இந்தக் கடைசி எல்லையின் மூன்று மடங்கையும் கடந்தது.

இதனை அளப்பதற்கு யந்திரம் வேண்டுமோ என்று தாய்மார் மலைக்கவேண்டியதில்லை. நேர்ச்சுவருள்ள தகரப்பேணி ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத வெளியிலே, சாயாமல் நிறுத்திவையுங்கள். பேணியின் வாயும் அடியும் ஒரே அகலமாயிருந்தால், உள்ளே நிற்கும் நீரின் ஆழமே பெய்த மழையின் அளவு. மூன்று அங்குலம் 75 மில்லிமீற்றர்; ஆறு அங்குலம் 150. பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டம் போதும். இரவில் படுக்குமுன் பேணியைப் பார்த்துவரும் வேலையை விளக்கேற்றும் அதே பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். ஆபத்தென்று கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் தொலைபேசி ஊமையாகும் இரவும் உண்டென்பதை டித்வா கற்பித்தது. ஆதலின் எவ்வீட்டார் எவ்வழியாக எங்கே போவது என்பதை வெயில் நாளிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளல் நன்று.

போவதற்கு இடம் இருந்தால்தானே போவது என்று தோட்டத்து மக்கள் கேட்பர். அக்கேள்விக்குமுன் நம் போன்ற எழுத்தாளர் தலைகுனியவேண்டியதே. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் சரியக்கூடிய நிலமென்று 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியபோதும் மக்கள் அங்கேதான் இருந்தனர். அதை அவர்களுடைய மூடநம்பிக்கை என்று கூறுவார் கூறுவது பொய். லயத்தை எங்கே கட்டுவதென்று தீர்மானித்தவர்கள் அதில் வாழ்ந்தவர்கள் அல்லர். ஆளுக்கொரு துண்டு நிலமேனும் சொந்தமாயிருந்தால் மேட்டைப் பார்த்துப் பயந்தவர் மறுபக்கத்தில் ஒரு குடிசையாவது போட்டிருப்பார். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னுந் திட்டம் பிற்காலத்தில் வந்தது நல்லதே. அது சென்றடையாத குடும்பங்களே பெரும்பாலார்.

மலையகத் தமிழர் வரலாறு தொடங்கி 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டு, முன்னோர் நடந்த பாதையிலேயே நடந்து, ஓகஸ்ட் 12 ஆந் திகதி மாத்தளையை அடைந்தது. வழியெங்கும் பிற இனத்தாரும் மதத்தாரும் அவர்களை வரவேற்றுப் பசியாற்றினர். நடந்தவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது காணியும் வீடும். கோயிலில் மாரியிடம் கேட்பதை அவளிடமே கேட்கலாம்; இது அவளிடம் கேட்பதற்குரிய வரமன்று. கேட்கவேண்டிய இடம் வேறு. இரண்டையும் ஒரே மக்கள் ஒரே பிடிவாதத்தோடு கேட்டுவருகின்றார்கள் என்பதில்தான் நமக்கு மகிழ்ச்சி.

மழையின் மறுபுறத்தையும் பார்க்காவிட்டால் மாரிக்கு நாம் அநீதி செய்தவராவோம். நக்கிள்ஸ் சரிவுகளில் இறங்கும் நீரையும் சுது கங்கையையும் அம்பன் கங்கை ஏற்றுக்கொள்கின்றது. எலஹெரவில் அவ்வாற்றை மறித்துக் கால்வாய் வெட்டிய வேலை ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன், வசப மன்னன் காலத்தில் தொடங்கியது என்பர். பின்வந்த மன்னர் அதனை நீட்டி மின்னேரியா வரை கொண்டுசென்றனர். 2018 ஆம் ஆண்டில் மொரகஹகந்த நீர்த்தேக்கமும் அதே ஆற்றின்மேல் எழுந்தது. றத்தோட்டையில் ஒரு தாயை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த மழைதான் பொலன்னறுவையில் முகமறியாத இன்னொரு தாயின் உலையில் அரிசியாய்க் கொதிக்கின்றது. இது முன்னவளுக்கு ஆறுதலாகுமா? ஆகாது என்றே எண்ணுகின்றோம். ஆயினும் அவள் அறிந்திருக்கவேண்டிய செய்தி. பின்னவள் அதைவிட நன்றாய் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

தை பிறந்து சில நாட்கள் சென்றபின் காற்று மெல்லத் திசை தளரும். கலேவெலைப் பக்கத்திலே பெரும்போக நெற்கதிர் தலைசாயும். மாத்தளையில் மாசி மகத் தேர்களுக்கு வடம் எடுக்கும் பேச்சு எழும். பஞ்சரதங்களைக் காண எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனைபேர் இறங்குவது, வண்டிக் கூலி எவ்வளவு என்று லயத்து இஸ்தோப்பில் கணக்குப் போடுவார்கள். சுது கங்கை தெளியத் தொடங்கும். முதல் நல்ல வெயில் எறித்த காலையில் பெண்கள், இரண்டு மாதமாய் ஈரம் மாறாதிருந்த கம்பளிகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, பாறைகளின்மேல் விரித்துப் போடுகின்றார்கள்.